வெலங்கப் பக்கம் தாழ்வு

ஒரு படகு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல உலகத்துக்கு ஏழு வாரம் போதவில்லை.

ஜெசிந்தாவுக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி ஆனால் தூத்துக்குடி கடல் தரவு நிலையத்தின் மூன்றாவது மாடியில் திரைக்கு முன்னால் போய் உட்காருவாள். பதினான்கு நாட்டு முகங்கள் வரிசையாக வரும். அவரவர் மொழியில் அவரவர் கத்த, மொழிபெயர்க்கும் இயந்திரம் அத்தனையையும் வானொலிச் செய்தித் தமிழில் அவள் காதில் ஓதும். சண்டை போடுகிறவர்கள்கூட அந்தத் தமிழில் கல்யாணப் பத்திரிகை மாதிரி மரியாதையாகப் பேசினார்கள்.

"கலத்தின் வலப்பக்கம் தாழும்போது கூட்டல் குறி இடுவதே முறை," என்றார் தலைவர் ஹெல்கா, நார்வேக்காரர்.

"எங்கள் நாட்டில் வலப்பக்கம் உயரும்போதுதான் கூட்டல். அறுபது ஆண்டு வழக்கத்தை நாங்கள் கைவிடுவதாக இல்லை," என்றார் ஜப்பானின் ஓகாவா.

கடலில் மிதக்கிற எதற்கும் ஆறு விதமான அசைவு உண்டு. அதில் பக்கவாட்டுச் சாய்வு ஒன்றுக்கே இந்தப் பாடு. கருவிகள் எல்லாம் 'சாய்வு எட்டு' என்று எழுதிவைத்திருந்தன. எந்தப் பக்கம் எட்டு என்பதை எவரும் எழுதவில்லை. எழுதினவருக்குத் தெரியும், அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். முப்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

இப்போது அவசரம் வந்துவிட்டது. சிறு படகுகளைத் தானாக ஓட்டும் 'மாலுமி' என்ற பொது மூளை ஜனவரியில் கடலுக்கு வருகிறது. உலகத்துப் படகுகளின் பழைய பதிவு அத்தனையையும் படித்துத்தான் அது படகோட்டக் கற்றுக்கொள்ளும். ஒரு நாட்டுப் படகு வலது பக்கம் சாய்ந்ததை இடது என்று அது படித்தால், காப்பாற்ற வேண்டிய இடத்தில் கவிழ்த்துவிடும்.

எட்டாவது வெள்ளிக்கிழமை ஒருவழியாகச் சமாதானம் ஆயிற்று. இனி பெயரிலேயே பக்கத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு: 'கலச்சாய்வு, வலம் தாழ்வு' ஒன்று, 'கலச்சாய்வு, வலம் உயர்வு' மற்றொன்று. ஹெல்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பழைய பதிவுகளுக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்பதை ஒவ்வொரு நிலையமும் அடுத்த வெள்ளிக்குள் அறிவிக்க வேண்டும். அறியாதவர்களின் பதிவு 'வலம் தாழ்வு' என்றே கொள்ளப்படும். பெரும்பான்மை அதுவே. அதன்பின் மாற்ற இயலாது."

தூத்துக்குடி நிலையத்திடம் நானூற்றுப் பன்னிரண்டு படகுகளின் பதிவு இருந்தது. எல்லாம் படகில் பொருத்திய 'அலைமணி' என்ற பேசும் பெட்டி எழுதியது. ஜெசிந்தா 'வலம் தாழ்வு' என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். பதினொரு வருஷத்துக்கு முன்னால், வேறோர் இடத்தில், அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

அது அவள் புருஷன் லியோன் செத்த விசாரணை. 'பரலோகராணி' என்ற விசைப்படகில் அவன் எஞ்சின் பார்த்தான். டிரைவர் அவளுடைய சொந்த அண்ணன் கஸ்பார். வடக்கே வேம்பாறு பக்கம் வலை இழுத்துவிட்டுத் தெற்கே துறைமுகத்துக்குத் திரும்பும்போது, பிற்பகல் மூன்று மணிக்கு, படகு பயங்கரமாகச் சாய்ந்தது. எஞ்சின் அறையிலிருந்து மேலே ஏறி வந்த லியோனை அலை அடித்துக்கொண்டு போயிற்று. பெட்டியின் பதிவு மட்டும்தான் சாட்சி, அதுவும் நிமிடத்துக்கு ஒரு சராசரி எண். கூட்டல் எட்டு, கூட்டல் எட்டு, அடுத்த நிமிடம் கழித்தல் எட்டு, பிறகு கழித்தல் பதினொன்று, கழித்தல் பதினைந்து.

அந்த வரைபடத்தை விசாரணை அதிகாரிக்கு விளக்கியது ஜெசிந்தாதான். ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. வலது பக்கம் எட்டு டிகிரி சாய்ந்திருந்த படகு ஒரே நிமிடத்தில் இடது பக்கம் எட்டு டிகிரி போயிருக்கிறது, சுக்கானை வெடுக்கென்று ஒடித்துத் திருப்பினால் ஒழிய அப்படி நடக்காது என்றாள். குரல் நடுங்கவில்லை. கஸ்பாரின் லைசென்ஸை ஆயுளுக்கும் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசவில்லை. ஒரே கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஆளுக்கொரு வாசல் வழியாகப் போய்வந்தார்கள்.

ஆகவே 'வலம் தாழ்வு' என்று எழுதுவதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இருந்திருக்கக் கூடாது. ஆனால் காரணம் என்ற கட்டம் படிவத்தில் காலியாகக் கிடந்தது. காலிக் கட்டத்தைக் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று தோன்றியது. இந்த ஊர் விசைப்படகுகளில் குடிதண்ணீர்த் தொட்டியும் டீசல் பீப்பாயும் வலப்பக்கம்தான் வைப்பார்கள். அதனால் எந்தப் படகும் எப்போதும் வலது பக்கம் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி சாய்ந்தபடிதான் போகும். நாள் முழுக்கச் சராசரி எடுத்தால் கூட்டல் வருகிறதா, கழித்தல் வருகிறதா? வந்த பக்கத்தை எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

சராசரி பூஜ்யம் வந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு படகுக்கும் பூஜ்யம். ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். துறைமுகப் பதிவேட்டிலிருந்த புறப்பாடு, வரவு நேரத்தை வைத்துப் படகு வடக்கே போன நேரத்தையும் தெற்கே வந்த நேரத்தையும் பிரித்துப் பார்த்தாள். வடக்கே போகும்போது கூட்டல் ஒன்றரை, தெற்கே வரும்போது கழித்தல் ஒன்றரை. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. தண்ணீர்த் தொட்டி போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமுமாக இடம் மாறாது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அதுதான் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. லியோன் நினைவு அந்த நேரத்தில் அவளுக்கு வரவேயில்லை.

அலைமணிக்கு நிரல் எழுதிய இசக்கிராஜா நிலையத்தை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆயிற்று. திருச்செந்தூர் சாலையில் ட்ரோன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் போனாள். கடை முழுக்க இறக்கை ஒடிந்த ட்ரோன்கள், நடுவில் அறுபதை நெருங்கிய இசக்கிராஜா.

"வாங்கம்மா, உக்காருங்க. அந்தப் பெட்டியா? இன்னுமா அதக் கெட்டி அழுதுட்டு இருக்கீங்க?"

"அண்ணாச்சி, அதுல கூட்டல்னா எந்தப் பக்கம்? வலதா, இடதா?"

"ரெண்டும் இல்ல," என்றார் அவர், திருகாணியைக் கழற்றிக்கொண்டே. "வெலங்கப் பக்கம்."

கரைக்கு எதிர்ப்பக்கம், ஆழ்கடல் இருக்கிற பக்கம், வெலங்க. அவள் பிறந்து வளர்ந்த தெருவில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

"நான் மொதல்ல ஒழுங்காத்தான் எழுதுனேன்," என்று இசக்கிராஜா தொடர்ந்தார். "படகு சாஞ்சா பெட்டி 'வலது சாயுது, இடது சாயுது'ன்னு கத்தும். ஒருத்தனும் காதுல வாங்கல. படகுல எவம்மா வலது இடதுன்னு பேசுறான்? கரைப்பக்கம், வெலங்கப் பக்கம். ஒரு டிரைவரு நெலையத்துக்கே வந்து சண்ட போட்டாரு. 'ஆபத்துல எங்க பயலுவ வலது கை எதுன்னு யோசிச்சுட்டு இருப்பானுவளா? எங்க பாஷையில பேசச் சொல்லும்'னாரு. நியாயந்தான? பெட்டிக்குள்ள தெசைகாட்டி இருந்துச்சு. வடக்க போனா வெலங்க வலது, தெக்க வந்தா இடது. தெசை மாறுனா குறிய மாத்துன்னு இருவது வரி எழுதுனேன்."

"பேசறதுக்கு மட்டுமா, பதியறதுக்குமா?"

"பேசுற எண்ணத்தாம்மா பதிஞ்சேன். தெசையப் பதியல, எடம் போதாது." அவர் திருகாணியைக் கீழே வைத்தார். "ஏன், தப்பாப் போச்சா?"

ஜெசிந்தா கைப்பையிலிருந்து காகிதம் எடுத்து ஐந்து எண்களை எழுதினாள். எட்டு, எட்டு, கழித்தல் எட்டு, கழித்தல் பதினொன்று, கழித்தல் பதினைந்து. குறி மாறிய இடம்தான் படகு தெற்கே திரும்பிய நிமிடம்; அங்கே குறுக்கே கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் குறியை மாற்றினாள். எட்டு, எட்டு, எட்டு, பதினொன்று, பதினைந்து.

படகு பக்கம் மாறவேயில்லை. முதலிலிருந்து கடைசி வரை வலது பக்கமே சாய்ந்திருந்தது. யாரும் சுக்கானை ஒடிக்கவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது, அது இன்னும் மோசம். விசாரணையில் கஸ்பார் சொன்னான்: "போவும்போது வெலங்க சாஞ்சுது, திரும்புனப்புறம் கரைப்பக்கம் சாஞ்சுது." வெளியூர் அதிகாரி அவள் பக்கம் திரும்பி, அப்படியென்றால் என்ன என்று கேட்டார். "வெலங்க என்றால் வலது, கரைப்பக்கம் என்றால் இடது," என்றாள் ஜெசிந்தா. திரும்பிவிட்ட படகுக்குக் கரை வலது பக்கம் வரும் என்பதை அவள் யோசிக்கவில்லை. வரைபடம் கையில் இருந்தது, அண்ணன் பேச்சும் அதற்கு ஒத்துப்போனது, போதும் என்று நினைத்துவிட்டாள். அண்ணன் சொன்னது முழுக்க உண்மை. அதைப் பொய்யாக்கியது அவள்.

கடையில் உட்கார்ந்தபடியே அழுதாள். இசக்கிராஜா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை வருவதற்குள் ஒரு நூறு தடவை அவளுக்கு அந்த எண்ணம் வந்துபோயிற்று. பேசாமல் இருந்துவிடலாம். 'வலம் தாழ்வு' என்று பட்டியலில் ஏறிவிட்டால் எவனும் இனித் தோண்ட மாட்டான். உண்மையைச் சொன்னால் கஸ்பார் வழக்கு மட்டுமல்ல, அவள் சாட்சி சொன்ன வேறு நான்கு விசாரணைகளும் சேர்ந்து திறக்கும். வேலை போகும். ஆனால் மாலுமி அந்தப் பதிவைப் படித்துத்தான் படகோட்டப் போகிறது. நானூற்றுப் பன்னிரண்டு படகின் தப்பை அதற்கு ஊட்டிவிட்டு எந்த முகத்தோடு துறைமுகத்துக்குப் போவது?

இரண்டரை மணிக்கு அவள் முறை வந்தது. சொன்னாள், அவள் சாட்சி சொன்ன கதையையும் சேர்த்து. மற்றவர்கள் காதில் தன் பேச்சு எப்படிக் கேட்கும் என்று தெரியவில்லை.

"ஒரு கடற்கரையின் வழக்குக்காகத் தனிப்பெயர் அளிப்பது ஏற்புடையதன்று," என்றார் ஹெல்கா, மெதுவாக.

எதிர்பாராத இடத்திலிருந்து ஆதரவு வந்தது. "அளந்தவர் எதை அளந்தாரோ அதற்கே பெயர்," என்றார் ஓகாவா. "நம் வசதிக்கு அல்ல."

சிலியிலிருந்து ஒருவர் கையை உயர்த்தினார். "எங்கள் தென்பகுதிப் பதிவிலும் சராசரி பூஜ்யம் வருகிறது. இதுவரை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் மீனவர்கள் காற்று வரும் பக்கம், காற்று போகும் பக்கம் என்பார்கள்." அடுத்து ஐஸ்லாந்து, அதற்கடுத்து கினி. ஒரு மணி நேரத்தில் ஒன்பது நிலையங்கள் கை தூக்கின. உலகம் முழுக்க ஏதோ ஒரு டிரைவர் ஏதோ ஒரு இசக்கிராஜாவிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறான் போலும் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றிற்று.

ஹெல்கா பெருமூச்சு விட்டது மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது. பட்டியலில் புதிய வரி ஏறியது: 'கலச்சாய்வு, கடல்பக்கம் தாழ்வு'. வரையறை, குறிப்பு, எடுத்துக்காட்டு மூன்றையும் திங்கள்கிழமைக்குள் அனுப்பச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உப்பளத்துப் பம்பு செட்டுக்குப் போனாள். லைசென்ஸ் போன நாளிலிருந்து கஸ்பாருக்கு அங்கேதான் வேலை, பாத்திகளுக்குத் தண்ணீர் இறைத்துவிடுவது. தங்கையைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினான். முடி முழுக்க நரைத்திருந்தது. கோயிலில் தூரத்திலிருந்து பார்த்தபோது அவ்வளவு தெரியவில்லை.

"என்ன ஜெசி, வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லியே?"

பதினொரு வருஷம் கழித்து அவன் கேட்ட முதல் கேள்வி அது. அவள் காகிதத்தை நீட்டினாள்.

"அண்ணே, நீ சுக்கான ஒடிக்கல. படகு ஒரே பக்கந்தான் சாஞ்சுருக்கு. நான்தான் தப்பாப் படிச்சேன். விசாரணைல நீ சொன்னதயும் நான்தான் தப்பா மாத்திச் சொன்னேன். அத நேத்து கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டேன். என்னய மன்னிச்சுரு."

கஸ்பார் காகிதத்தை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தான். அவன் சந்தோஷப்படுவான் என்றும், ஏசுவான் என்றும், இரண்டுக்கும் தயாராகத்தான் அவள் வந்திருந்தாள். அவன் கடைசி மூன்று எண்களை விரலால் தடவினான்.

"எட்டு... பதினொண்ணு... பதினஞ்சு. திரும்புனப்புறம் எதுக்கு ஏறுச்சுன்னு நீ கேக்கலியே?"

அவளும் யோசித்திருந்தாள். பதில் கிடைக்கவில்லை.

"இசக்கிராஜாகிட்ட போயி பெட்டிய எங்க பாஷையில பேச வைன்னு சண்ட போட்டது நாந்தாம்ளா," என்றான் கஸ்பார். "அன்னைக்கி ஐஸ் பெட்டி சரிஞ்சு வெலங்க சாஞ்சுது. மச்சான் எஞ்சின் ரூம்ல இருந்தான். அங்க ரெண்டு வால்வு இருக்கும்லா, படகு நேரா நிக்க அடியில வச்ச ரெண்டு பக்கத்துத் தண்ணித் தொட்டிக்கும். தாழ்ந்த பக்கத்துத் தொட்டிய எறைச்சா படகு நிமுரும். பெட்டி 'வெலங்க சாயுது'ன்னு கத்த, அவன் சரியான தொட்டியத்தான் எறைச்சுட்டு இருந்தான். நான் தெக்க திருப்பிட்டேன். பெட்டி 'கரைப்பக்கம் சாயுது'ன்னு கத்துச்சு. உள்ள நிக்கிறவனுக்குக் கரை எங்க தெரியும், வானம் எங்க தெரியும்? படகு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருளுது. சரி, மறுபக்கம் சாஞ்சுட்டுன்னு நெனச்சு வால்வ மாத்திட்டான். நிமுந்து நிக்கிற பக்கத்துத் தொட்டிய எறைச்சுட்டான்."

மோட்டார் நின்ற இடத்தில் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"திருப்புறதுக்கு முன்னால கீழ ஒரு சத்தம் குடுப்போம், 'ஏ, திருப்புறேன்'னு. எல்லா டிரைவரும் குடுப்பான். அன்னைக்கி நான் குடுக்கல. அவசரம். அதாம்ளா நான் அப்பீலுக்குப் போவல. நீ சொன்ன குத்தம் நான் செய்யல. செஞ்ச குத்தத்த எவனும் கேக்கல."

ஜெசிந்தா அவன் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். லியோன் போனதிலிருந்து அவள் தேடினது ஒரு குற்றவாளியை. இப்போது கிடைத்தது விட்டுப்போன ஒரு சத்தம் மட்டும். அண்ணன் மேல் கோபம் வரவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், உப்புப் பொரிந்து மரக்கட்டையாக இருந்தது.

பிறகு கைக்கணினியைத் திறந்து படிவத்தைக் காட்டினாள். "இதுல யாரு வரையறுத்ததுன்னு கேக்கான்."

"என் பேரப் போடு."

'கஸ்பார் மிராந்தா, படகு டிரைவர்' என்று போட்டாள். தவறாகப் படித்தவர் யார் என்று அவர்கள் கேட்கவில்லை, அதையும் போட்டுத் தன் பெயரை எழுதினாள். எடுத்துக்காட்டு என்ற கட்டத்தில் 'பரலோகராணி'யின் ஐந்து எண்களையும், எஞ்சின் அறையில் இருந்தவர் லியோன் என்பதையும் எழுதினாள். குறிப்புக்கு அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"உள்ள நிக்கிறவனுக்கு இந்தப் பேரு ஒதவாதுன்னு எழுது," என்றான் அவன். "திருப்புறதுக்கு முன்னால சத்தம் குடுக்கணும்னு எழுது."

அப்படியே எழுதினாள். திங்கள்கிழமை அனுப்பினாள். கூடவே விசாரணைகளைத் திறக்கச் சொல்லும் ஐந்து மனுக்களையும் அனுப்பினாள். ஒரு வாரத்தில் அவளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

ஜனவரியில் மாலுமி வந்தது. முதல் நாள் காலையில் துறைமுகத்தில் திருவிழாக் கூட்டம். கஸ்பார் வரமாட்டேன் என்றான், ஜெசிந்தா இழுத்துக்கொண்டு போனாள். சுக்கானை யாரும் தொடாமலே படகுகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குப் போகும் வாய்க்கால் முனைக்குப் போய் வடக்கே திரும்பின. திரும்புவதற்கு முன்னால் முதல் படகு சின்னதாக ஒரு ஹாரன் அடித்தது. இரண்டாவதும் அடித்தது. மூன்றாவதும்.

கூட்டத்தில் நின்ற அதிகாரி போனில் யாரையோ பிடித்து, இதை நிரலில் யார் எழுதினது, கட்டளைகளில் இல்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் எழுதவில்லையாம், படித்த குறிப்பு ஒன்றிலிருந்து அதுவாக எடுத்துக்கொண்டதாம்.

கஸ்பார் படகுகளைப் பார்த்தபடியே நின்றான். நாலாவது படகு முனையை நெருங்கியபோது அவன் உதடு அசைந்தது. 'ஏ, திருப்புறேன்' என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் ஹாரன் அடித்தது.